கதவைத் தட்டியவளையும் சேர்த்து நீக்கிவிட்டீர்கள்

கோடைப் பயிற்சி முகாமின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவினருக்கு,

ஆறு மாணவிகளை முகாமிலிருந்து நீக்கிய உங்கள் முடிவு நான் எழுதிய அறிக்கையை வைத்து எடுக்கப்பட்டது. அன்று இரவுப் பணியில் இருந்த காப்பாளர் நான்தான். அந்த அறைக்குள் முதலில் போனதும், மதுப் பாட்டிலை எடுத்து அலமாரியில் பூட்டியதும், ஆறு பெயர்களையும் என் கையால் எழுதிக் கொடுத்ததும் நானே. அதனால் இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

ஒருங்கிணைப்பாளரிடம் இரண்டு முறை நேரில் சொன்னேன். "முடிந்துபோன விஷயம், இனி கிளற வேண்டாம்" என்றார். ஒரு முறை எழுத்திலும் கொடுத்தேன், பதில் வரவில்லை. வரும் சனிக்கிழமை நிறைவு விழா. அதற்குள் சொல்லியாக வேண்டும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். மாணவிகளின் பெயரை மட்டுமல்ல, ஊரையோ பள்ளியையோகூட இதில் குறிப்பிட மாட்டேன். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அவர்கள். உங்கள் முடிவால் பட்டதே போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் செய்தது தவறு. மது வாங்க ஜப்பானில் 20 வயது ஆக வேண்டும், அமெரிக்காவில் 21, பிரிட்டனில் 18, ஜெர்மனியில் பீருக்கு 16 போதும். வயது நாட்டுக்கு நாடு மாறலாம். ஆனால் பெற்றோர் நம்மை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுப் போன விடுதிக்குள் அந்தப் பாட்டில் வந்திருக்கவே கூடாது. கொண்டுவந்தவளுக்குத் தண்டனை வேண்டும். குடித்தவர்களுக்கும் வேண்டும். இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

நீங்கள் யாரும் அந்த இரவில் அங்கே இல்லை. அதனால் அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நள்ளிரவு 12.50 இருக்கும். என் அறைக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் நான்காம் தளத்து மாணவி ஒருத்தி நிற்கிறாள். காலில் செருப்பு இல்லை. ஓடி வந்ததில் மூச்சு வாங்குகிறது. "அக்கா, அவ எழுந்திருக்க மாட்டேங்கறா. மூச்சு ஒரு மாதிரி வருது. சீக்கிரம் வாங்க." என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "குடிச்சோம்க்கா. நானும் ரெண்டு வாய் குடிச்சேன். அவ ரொம்பக் குடிச்சிட்டா." வாயிலிருந்து வந்த வாடையைப் பற்றி நான் கேட்பதற்கு முன்னால் அவளே ஒப்புக்கொண்டாள்.

படியேறும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "எங்களை அனுப்பிடுவாங்களாக்கா?" அவசரத்தில் சொன்னேனா, மனதாரச் சொன்னேனா என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். மனதாரத்தான் சொன்னேன். "நீ வந்து சொன்னது நல்லது. உனக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்."

அறையில் அந்தப் பெண் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். நெற்றியில் ஈரத்துண்டு. ஒருத்தி அவள் தலையைத் தூக்கிப் பிடித்துக் காப்பி புகட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளியலறைக்குத் தூக்கிப் போய்ப் பச்சைத் தண்ணீரை ஊற்றலாமா என்று இன்னும் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்காவதாக ஒருத்தி சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். இவர்கள் யாரும் கெட்ட பிள்ளைகள் இல்லை. காதில் விழுந்ததையும் எங்கோ பார்த்ததையும் வைத்துத் தோழியைக் காப்பாற்றத் துடித்தார்கள். ஆனால் செய்தது ஒவ்வொன்றும் ஆபத்து. காப்பி போதையைக் குறைக்காது. நினைவில்லாதவள் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும். மது உடலின் வெப்பத்தை ஏற்கெனவே இறக்கிவிடுகிறது, அதன்மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் இன்னும் இறங்கும். எல்லாவற்றையும்விட மோசம் அவளை மல்லாக்கப் படுக்க வைத்தது. மது அளவு மீறிப் போனால் தொண்டை தன்னைக் காத்துக்கொள்ளும் அனிச்சைச் செயலும் மழுங்கிவிடும். அந்த நிலையில் வாந்தி வந்தால் வெளியே போக வழியில்லாமல் மூச்சை அடைக்கும்.

அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்காலை மடக்கி, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து வாயைத் தரைப் பக்கம் திருப்பினேன். கை ஜில்லென்று இருந்தது. உதடு வெளிறி ஓரத்தில் நீலம் தெரிந்தது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். ஒரு நிமிடத்தில் ஒன்பது. நடுவில் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் எட்டு வரை எண்ணிவிட்டேன். அந்த எட்டு நொடியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்குக் குறைந்தாலோ, இரண்டு மூச்சுகளுக்கு நடுவே பத்து நொடி போனாலோ உயிருக்கு ஆபத்து என்று முதலுதவிப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் அந்தக் கோட்டுக்கு அத்தனை பக்கத்தில் இருந்தோம்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது அவள் வாந்தி எடுத்தாள். ஒருக்களித்துக் கிடந்ததால் எல்லாம் வெளியே வந்துவிட்டது. கதவைத் தட்டி அப்போது பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அறையில் எல்லோரும் சொன்னது "தூங்கவிடு, காலையில் சரியாகிடும்" என்பதைத்தான். குடித்து மயங்கியவர்கள் இந்த ஒரு வார்த்தையால் இறந்துபோவதும் உண்டு. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருக்கும் மது இரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு கோப்பை அளவைத்தான் கழிக்கும். அதை அவசரப்படுத்த எந்த வைத்தியமும் கிடையாது. தூங்குவதுபோலத் தெரிகிற ஆள் அடுத்த அரை மணியில் இன்னும் ஆழத்துக்குப் போகலாம். மற்றவர்கள் "தூங்கவிடு" என்று சொல்லிக்கொண்டிருந்த அறையில், தானும் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தே ஒருத்தி எழுந்து செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். பதினாறு வயதில் அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

மருத்துவமனைக்கும் அவளையே அழைத்துப் போனேன். அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் முதலில் கேட்டது மூன்று கேள்வி. எப்போது குடித்தாள்? எவ்வளவு? வேறு மாத்திரை ஏதாவது போட்டாளா? எனக்கு எதற்கும் பதில் தெரியாது. மூன்றுக்கும் பதில் சொன்னது கதவைத் தட்டியவள். பழச்சாறு பாட்டிலில் எவ்வளவு கலந்தார்கள், யார் எத்தனை முறை வாங்கிக் குடித்தார்கள், கடைசியாக அவள் பேசியது எப்போது என்று நிதானமாகச் சொன்னாள். அறையில் கூடவே இருந்ததால்தான் அவளால் சொல்ல முடிந்தது. அவளை நீங்கள் நீக்கியதற்கு அறையில் இருந்ததையே காரணமாக எழுதியிருக்கிறீர்கள்.

இளம் வயதில் மது இரத்தத்தின் சர்க்கரையையும் சட்டென்று இறக்கிவிடும் என்பதால் அதையும் சோதித்து மருந்து ஏற்றினார்கள். விடிகிற நேரத்தில் மயங்கியவள் கண் விழித்து அம்மாவைத் தேடினாள்.

அதிகாலை 4 மணிக்கு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து உங்கள் படிவத்தை நிரப்பினேன். அந்தப் படிவத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அறை எண், நேரம், கண்டெடுத்த பொருள், அறையில் இருந்தவர்களின் பெயர், விதிமீறல் எண். அவ்வளவுதான் கட்டங்கள். உதவி கேட்டது யார் என்று எழுத இடமில்லை. யார் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை என்று பிரித்து எழுதவும் இடமில்லை. எனவே ஆறு பெயர்களையும் அந்த ஒரே கட்டத்தில் எழுதிவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கம் முழுக்க விவரமாக எழுதினேன். கதவைத் தட்டியது யார், என்ன சொன்னாள், மருத்துவருக்கு என்ன உதவி செய்தாள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சுவரோரம் அழுதுகொண்டிருந்தவளைப் பற்றியும் எழுதியிருந்தேன். வாங்கிப்போன கால்குலேட்டரைத் திருப்பிக் கொடுக்க அவள் அந்த அறைக்கு வந்தது நான் போவதற்குக் கொஞ்சம் முன்புதான். ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. மற்ற எல்லோரும் என்னிடம் அதையே சொன்னார்கள்.

காலை 6 மணிக்கு வண்டியில் கதவைத் தட்டியவளை முகாமுக்கு அனுப்பினேன். ஓட்டுநர் கையில் அறிக்கையையும் கொடுத்து அனுப்பினேன்.

மதியம் நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆறு பேரையும் நீக்கியாகிவிட்டது. ஒருத்தி இன்னும் மருத்துவமனைக் கட்டிலில் இருக்கிறாள், அவளையும் சேர்த்துத்தான். அவர்களில் ஒருவரைக்கூடக் குழுவின் முன் அழைத்துப் பேசவில்லை. என்னையும் கேட்கவில்லை, தொலைபேசியில்கூட. கதவைத் தட்டியவள் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் தன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்து ஆள் வந்து சேர மாலையாகும் என்றார்கள். இரவு முழுக்கத் தூங்காத பிள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மருத்துவமனையில் குளிருக்காக நான் கொடுத்திருந்த சால்வையை நான்காக மடித்து மடியில் வைத்திருந்தாள். அதை இரண்டு கையாலும் நீட்டினாள். "அவ எப்படி இருக்காக்கா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். "சரிக்கா" என்றாள். நான் கொடுத்த வாக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பின்பக்கம் என்ன ஆயிற்று என்று எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. கோப்பில் கையெழுத்துப் போட அழைத்தார்கள். குழு உறுப்பினர்களுக்குக் கொடுத்த நகல்கள் மேசைமேல் இருந்தன. எல்லாவற்றிலும் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. நகல் எடுத்தவர் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை, பிழைதான். ஆனால் ஆறு பிள்ளைகளில் ஒருத்தியையாவது கூப்பிட்டு "என்னம்மா நடந்தது?" என்று கேட்டிருந்தால் அந்தப் பிழை ஐந்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதோடு முடியவில்லை. ஆறு பேரின் பள்ளிகளுக்கும் கடிதம் போயிருக்கிறது. "மது அருந்தியதற்காக முகாமிலிருந்து நீக்கப்பட்டார்" என்று ஆறிலும் ஒரே வாசகம், பெயர் மட்டும்தான் வேறு. கால்குலேட்டர் கொடுக்க வந்தவளைப் பொறுத்தவரை அது பொய். நம் முத்திரை குத்தி, நம் கையெழுத்தோடு, ஒரு பிள்ளையைப் பற்றி நாம் அனுப்பிய பொய். அது தெரிந்த பிறகும் அந்தக் கடிதம் அங்கே கிடக்கிறதே, அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"பயம் இருந்தால்தான் மற்றவர்கள் ஒழுங்காக இருப்பார்கள்" என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். பயம் வந்துவிட்டது, உண்மைதான். அது எப்படி வந்திருக்கிறது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நீக்கம் நடந்த நாலாம் நாள் காலையில் மூன்றாம் தளத்தில் சுற்றி வந்தேன். ஓர் அறையில் ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. தரை ஈரமாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டி வைத்திருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் மூன்று குளியல் துண்டுகள், வாந்தி துடைத்தவை. கட்டிலில் ஒரு பெண் சுருண்டு படுத்திருந்தாள், நெற்றி நெருப்பாகச் சுட்டது. வயிற்றுக் கோளாறு. இரவு 11 மணியிலிருந்து ஐந்து முறை வாந்தி எடுத்திருக்கிறாள். குடிக்கவெல்லாம் இல்லை, அவர்களுக்கு அந்த நினைப்பே கிடையாது. ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். அறைத் தோழி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "வாந்தின்னு சொன்னா குடிச்சோம்னு நினைச்சு எங்களையும் அனுப்பிடுவீங்கன்னு பயமா இருந்துச்சுக்கா." தங்கள் துண்டுகளாலேயே தரையைத் துடைத்து, வாடை போக ஜன்னலைத் திறந்துவைத்து, காய்ச்சல்காரியைப் பனிக்காற்றில் படுக்க வைத்திருந்தார்கள்.

உங்கள் முடிவால் எங்கள் தளத்தில் பிள்ளைகள் கற்றுக்கொண்டது இதைத்தான். உடம்பு முடியாவிட்டால் காப்பாளரிடம் சொல்லாதே. இரண்டு தளங்களுக்கும் சேர்த்து 46 மாணவிகளுக்கு இரவில் நான் ஒருத்திதான். அவர்கள் வந்து சொன்னால் ஒழிய எனக்கு எதுவும் தெரிய வழியே இல்லை.

இது நான் மட்டும் கண்டுபிடித்த உண்மை இல்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் இதே பயத்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தயங்குகிறார்கள் என்று பார்த்து, 2002-இல் ஒரு விதியை மாற்றினார்கள். மது மயக்கத்தில் கிடப்பவருக்காக உதவி கேட்டால், கேட்டவர்மீதும் மயங்கியவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது, ஆனால் பிறகு ஆலோசனைக்கு வந்தாக வேண்டும். 2006-இல் அதைப் பற்றி வெளியான ஆய்வைப் பார்த்தால், உதவி கேட்டு வந்த அழைப்புகள் கூடியிருந்தன, "அவரை மாட்டிவிட்டதாகிவிடும்" என்று பயந்து கூப்பிடாமல் இருந்தோம் என்று சொன்னவர்கள் குறைந்திருந்தார்கள். அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு ஆலோசனைக்கு வந்து உட்கார்ந்தவர்களின் பங்கும் இருமடங்குக்கு மேல் கூடியது. அந்நாட்டில் பல மாநிலங்கள் இதையே சட்டமாகவும் ஆக்கியிருக்கின்றன. அங்கெல்லாம் குடிப்பதை யாரும் நல்லது என்று சொல்லிவிடவில்லை. முதலில் உயிர் பிழைக்கட்டும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள்.

எந்தத் தவறுக்கும் ஒரே வெட்டு என்கிற தண்டனை முறையைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தது. அதன் அறிக்கை 2008-இல் அச்சில் வந்தது. அத்தகைய விதிகளால் பள்ளிகள் பாதுகாப்பாகின என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும், வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகள் பின்னாளில் மறுபடியும் சிக்கலில் மாட்டவும் படிப்பை விடவும் வாய்ப்பு கூடுகிறது என்றும் அதில் எழுதினார்கள். உங்களில் பலர் ஆய்வாளர்கள். அறிவியல் சொல்லிக்கொடுக்கத்தான் இந்த முகாமே நடக்கிறது. தரவைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும் என்று பிள்ளைகளிடம் முதல் வாரமே சொன்னோம்.

சட்டத்துக்குள் நான் அதிகம் போகப் போவதில்லை. 1975-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், ஒரு மாணவரைப் பத்து நாள் இடைநீக்கம் செய்வதற்கே குற்றச்சாட்டைச் சொல்லி, அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது அந்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கானது, நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, பிள்ளைகளைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் அவர்கள் கருத்தைச் சொல்லும் உரிமையைக் கொடுக்கிறது. அந்த உடன்படிக்கை நம் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நாம் அச்சடித்ததை நாமே மதிக்க வேண்டாமா?

பெற்றோரின் நம்பிக்கை போய்விடும் என்று உங்களுக்குக் கவலை இருக்கும். எனக்கும் அந்தக் கவலை உண்டு. மயங்கிக் கிடந்தவளின் அம்மா மருத்துவமனைக்கு வந்ததும் முதலில் கேட்டது, "யாரும்மா உங்களை வந்து கூப்பிட்டது? அந்தப் பிள்ளையை நான் பார்க்கணும்" என்பதுதான். அதற்குள் அந்தப் பிள்ளை கேட் பக்கம் பெட்டியோடு உட்கார்ந்திருந்தது எனக்கே தெரியாது. "முகாமில் இருக்கிறாள், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்யாகிப்போனது.

நம் பக்கத்துத் தவறுகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இரவு 9 மணிக்கு எல்லோருடைய ஃபோனையும் வாங்கி வைத்துவிடுகிறோம். சரி, தூங்கட்டும் என்பதற்காக. ஆனால் அதற்குப் பதிலாகத் தளத்துக்கு ஓர் இன்டர்காம்கூட வைக்கவில்லை. அதனால்தான் அவள் இருட்டில் படியிறங்கி ஓடிவர வேண்டியிருந்தது. மருத்துவ அறை இரவு 10 மணிக்குப் பூட்டிவிடும், சாவி இன்னொரு கட்டடத்தில். முதல் நாள் கூட்டத்தில் விதிகளை வாசித்தோம். மது என்றால் உடனே வெளியேற்றம் என்பதை இரண்டு முறை அழுத்திச் சொன்னோம். யாராவது மயங்கிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அறையில் காப்பி புகட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். கூட வயதொத்தவர்கள் இருக்கும்போது பதின்ம வயதினர் அதிக அபாயத்தைத் துணிந்து எடுப்பார்கள் என்று 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதனை வைத்தே காட்டினார்கள். அந்த வயதில் 46 பேரை ஒரே கூரையின் கீழ் ஐந்து வாரம் தங்க வைக்கிறோம். ஏதாவது ஓர் இரவு ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்திருக்க வேண்டியது நாம். அந்த ஆறு பேரில் நான்கு பேர் குடித்ததற்கும் ஒருத்தி கொண்டுவந்ததற்கும் தண்டனை கொடுத்தோமே, இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று குழு ஒரு நிமிடமாவது பேசியதா?

இனி நான் கேட்பது.

பள்ளிகளுக்கு அனுப்பிய ஆறு கடிதங்களையும் சனிக்கிழமைக்குள் திரும்பப் பெறுங்கள். குடிக்காதவளின் பள்ளிக்கு, அது தவறு என்று ஒப்புக்கொண்டு தனியாகக் கடிதம் எழுதுங்கள். அவளுக்கும் வீட்டாருக்கும் ஒரு நகல் போகட்டும். அவள் நீக்கத்தை முழுதாக ரத்து செய்து, நிறைவு விழாவுக்கு அவளை அழையுங்கள். இதில் விசாரிக்க ஒன்றுமே இல்லை.

கதவைத் தட்டியவளின் நீக்கத்தையும் ரத்து செய்யுங்கள். இரண்டு வாய் குடித்ததற்கு எச்சரிக்கையோ, ஆலோசனை வகுப்போ, எது சரியென்று படுகிறதோ கொடுங்கள், அவள் ஏற்றுக்கொள்வாள். ஆனால் அவள் பெயரில் இருக்கும் "நீக்கம்" என்ற சொல் போக வேண்டும். மூன்று வாரம் அவள் உழைத்த போஸ்டரை ஹாலின் சுவரிலிருந்து கழற்றி ஸ்டோர் அறையில் சுருட்டி வைத்திருக்கிறார்கள். அதையும் மறுபடி மாட்டுங்கள்.

மற்ற நால்வரையும் பெற்றோரோடு அழைத்து, ஒவ்வொருவராகக் கேளுங்கள். பாட்டிலைக் கொண்டுவந்தவளின் தண்டனை அப்படியே இருக்கலாம். மற்றவர்களுக்கு என்ன என்பதைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள். மயங்கியவளைத் தண்டிப்பதற்கு முன்னால் அவளுக்கு ஓர் ஆலோசகரை ஏற்பாடு செய்யுங்கள். அவ்வளவு ஏன் குடித்தாள் என்று நம்மில் ஒருவரும் அவளிடம் இதுவரை கேட்கவில்லை.

அடுத்த ஆண்டுக் கையேட்டில் மது விதிக்குக் கீழேயே இப்படி அச்சிடுங்கள்: "யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், என்ன காரணமாக இருந்தாலும், உடனே காப்பாளரைக் கூப்பிடுங்கள். உதவி கேட்டவருக்கும் உதவி தேவைப்பட்டவருக்கும் அதற்காகத் தண்டனை கிடையாது." முதல் நாள் கூட்டத்தில் அதையும் இரண்டு முறை வாசியுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைப்பதை அரை மணி நேரம் செய்து காட்டுங்கள், நானே செய்து காட்டுகிறேன். தளத்துக்கு ஓர் இன்டர்காம், மருத்துவ அறையில் இரவு ஒரு செவிலியர், தளத்துக்கு ஒரு காப்பாளர். இந்த மூன்றும் இல்லாமல் முகாமைத் தொடங்காதீர்கள்.

அறிக்கைப் படிவத்தில் இரண்டு கட்டம் கூட்டுங்கள். உதவி கேட்டவர் யார் என்று ஒன்று, மாணவி தன் கையால் எழுதும் விளக்கத்துக்கு ஒன்று.

குழு எப்போது கூடினாலும் நான் வந்து சாட்சி சொல்கிறேன். அன்று 4 மணிக்கு எழுதிய அறிக்கையின் முழு நகலை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன், பெயர்கள் மட்டும் மறைத்திருக்கிறேன். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படியுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம், நான்காம் தளங்களின் இரவுக் காப்பாளர்